ட்ரோன் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்: என்னுடைய 44,840 ரூபாய் போய்விட்டது

ட்ரோன் பைலட் பயிற்சிக்கு நான் கட்டியது 44,840 ரூபாய். இதில் 6,840 ரூபாய் ஜிஎஸ்டி என்று சொல்லி வாங்கியது. கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. அப்படியானால் அந்த 6,840 எந்த அரசாங்கத்தின் கஜானாவுக்குப் போனது என்று கேட்டேன். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் தம்பி" என்றார் பயிற்சி நிலையத்தை நடத்துபவர். ஆடிட்டர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

கோபம் தணிந்த பிறகு எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். தணிந்துவிட்டால் எழுத மாட்டேன். அதனால் இப்போதே எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தின் பெயரைப் போடவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பெயரைப் போட்டு எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு என் மீது நோட்டீஸ் விடுவார்கள் என்று தெரிந்த வழக்கறிஞர் அண்ணன் எச்சரித்தார். வகையை மட்டும் சொல்கிறேன். வட சென்னையில், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், செல்போன் கடைக்கு மேல்மாடியில், வாசலில் பெரிய ட்ரோன் படம் ஒட்டிய பயிற்சி நிலையம். இந்த வகையில் ஒன்றுதான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம்.

நான் கல்யாணப் புகைப்படக்காரன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை மண்டபங்களில்தான் பிழைப்பு. இப்போதெல்லாம் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை மேலிருந்து எடுத்துத் தராவிட்டால் ஆர்டரே கிடைப்பதில்லை. எங்கள் பகுதியில் சான்றிதழ், பதிவு எண், காப்பீடு எதுவும் இல்லாமல் ட்ரோனைத் தூக்கிப் பறக்கவிட்டுச் சம்பாதிக்கும் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சட்டப்படி செய்ய வேண்டும் என்று நினைத்துக் கதவைத் தட்டியவனிடம்தான் 44,840 ரூபாயைப் பிடுங்கியிருக்கிறார்கள். என் ஆத்திரத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சட்டம் என்னவோ எளிதாகத்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டாலும் வேண்டாம். கூலி வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் பறக்கவிட்டால் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேர்வில் தேற வேண்டும். இவ்வளவும் எனக்குப் போகும் முன்பே தெரியும். தெரிந்தவனையே எப்படி மடக்கினார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஐம்பது வயதிருக்கும் அந்த நிலையத்தை நடத்துபவருக்கு. வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. விமானப்படையில் இருந்ததாகச் சொன்னார். டீ வரவழைத்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி, இந்தத் தொழிலில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம். என்னிடம் சேரவே வேண்டாம், பரவாயில்லை. ஆனால் எங்கே சேர்ந்தாலும் டிஜிசிஏ பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்" என்றார். சொல்லிவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். திறந்தது போலிப் பட்டியல் இல்லை, உண்மையான அரசுப் பட்டியல். மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அவருடைய வாசல் பலகையில் இருந்த அதே முதல் சொல். பின்னால் வந்த இரண்டு சொற்கள் வேறு. "அது எங்கள் தலைமை நிறுவனம். வட மாநிலத்தில் இருக்கிறது. நாங்கள் சென்னைக் கிளை" என்றார்.

திருடனே வந்து பூட்டு எப்படிப் பூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக முகவரி இருக்கிறது. அந்தப் பக்கம் திரை நகராதபடி பார்த்துக்கொண்டார். சுவரில் சட்டம் போட்டு அரசு முத்திரையோடு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. அது உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்தும் எவரும் ஆதாரை வைத்து இலவசமாக எடுத்துக்கொள்வது. மாவு அரைக்கும் கடையிலும் அது இருக்கும். ட்ரோனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்றைக்கே 10,000 முன்பணம். மீதி 34,840 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பச் சொன்னார். வந்த பெயர் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு பெண்மணியின் பெயர். "நிறுவனக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இது எங்கள் மேலாளரின் கணக்கு" என்றார். ஆக மொத்தம் 44,840. சீட்டு எடுத்த பணம் அது. தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பாடம் எடுத்த பையன் கெட்டிக்காரன். வான்வெளி வரைபடத்தின் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடலாம், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி, சிவப்பில் மத்திய அரசின் அனுமதி என்று வரைபடத்தைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கும் சம்பளம் பாக்கியாம். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை.

பறக்கும் பயிற்சி என்று எங்களை அழைத்துப்போன இடம் எண்ணூர் பக்கம், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் ஒரு மணல்வெளி. எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அந்தப் பக்கம் துறைமுகம். வகுப்பில் படித்ததற்கும் இதற்கும் என்ன பொருத்தம் என்று கேட்டால், "எல்லாம் பேசி வைத்திருக்கிறோம்" என்கிறார் வெள்ளைச் சட்டைக்காரர். ரோந்து வந்த காவலர் வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டதும், பேசி வைத்தவர் ட்ரோனைப் பைக்குள் போட்டுவிட்டு "பள்ளிக்கூடப் புராஜெக்ட் சார்" என்றார். அந்த ட்ரோனும் உள்ளங்கையில் அடங்கும் பொம்மை. கடற்காற்று கொஞ்சம் வீசினாலே தானாகப் போய் ஆற்றோரச் சேற்றில் விழும். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கையில் கிடைத்தது. மீதி நேரம் விழுந்ததைத் தேடினோம்.

என்னோடு படித்தவர்களைச் சொன்னால்தான் இவர்களின் துணிச்சல் புரியும். பொன்னேரிப் பக்கத்திலிருந்து மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் ஓர் அக்கா வந்தார். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்காக. மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் தேர்வாகும் பெண்ணுக்குப் பயிற்சியும் திட்டத்துக்குள்ளேயே அடக்கம். வெள்ளைச் சட்டைக்காரரோ, "இங்கே பணம் கட்டிப் படித்தால்தான் அங்கே தேர்வு செய்வார்கள்" என்று அந்த அக்காவிடம் வாங்கியிருக்கிறார். காசிமேட்டுப் பையன் ஒருவனிடம் பாஸ்போர்ட் இல்லை என்று சொல்லி 3,000 கூடுதலாக வாங்கினார். பாஸ்போர்ட் கட்டாயம் என்பதை 2023 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம், ரேஷன் அட்டை போதும்.

பயிற்சி முடிந்ததும் "டெல்லிக் கட்டணம்" என்று 6,500 கேட்டார். விதிகளைப் பார்த்தேன். சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் 100 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். இதைச் சொன்னதும் முகம் மாறவே இல்லை. "சரி தம்பி, உங்களுக்காக நானே போட்டுக்கொள்கிறேன்" என்றார். 6,400 ரூபாயை ஒரு மூச்சில் விட்டுக்கொடுக்கும் வள்ளலை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் லேமினேட் செய்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். மேலே "ட்ரோன் பைலட் லைசென்ஸ்". லைசென்ஸ் என்ற ஏற்பாட்டையே 2022 பிப்ரவரியில் நீக்கிவிட்டார்கள். இப்போது ரிமோட் பைலட் சான்றிதழ் மட்டும்தான். அதையும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் அரசின் இணையதளம் வழியாகத்தான் உருவாக்க முடியும். அட்டையில் இருந்த கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அவர்களுடைய சொந்தப் பக்கம் திறந்து, என் புகைப்படத்தைக் காட்டி "வாழ்த்துகள்" என்கிறது.

மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க மின்ட் பக்கம் ஒரு ஏஜென்ட் அக்காவிடம் போனபோது வெளிப்பட்டது. சான்றிதழ் எண்ணைக் கேட்டார், அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததே இல்லை. அரசுத் தளத்தில் உங்கள் கணக்கில் இருக்கிறதா பாருங்கள்" என்றார். அங்கேயே உள்ளே நுழைந்து பார்த்தேன். என் பெயரில் எதுவும் இல்லை. வெளியே வந்து, பட்டியலில் இருந்த அந்த வட மாநில நிறுவனத்துக்கே போன் செய்தேன். சென்னையில் எங்களுக்குக் கிளையே இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் கை நடுங்குகிறது. முதலில் சர்வர் வேலை செய்யவில்லை. பிறகு சார் டெல்லியில் இருக்கிறார். பிறகு உங்கள் பேட்ச் முழுவதற்கும் சேர்த்துத்தான் வரும். பிறகு ஆடி முடியட்டும். மத்திய அரசின் இணையதளத்துக்கும் ஆடி மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? வரவேற்பில் இருக்கும் பெண் பணம் கட்டும் வரை "அண்ணா" என்றார், பயிற்சியின்போது "சார்" என்றார், இப்போது போனை எடுத்து "யார் பேசுகிறீர்கள்?" என்கிறார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. நேரில் போனால் கதவு பூட்டியிருக்கிறது. கீழே செல்போன் கடைக்காரர், "இப்போதுதான் கிளம்பினார்" என்கிறார். எப்போது போனாலும் இப்போதுதான் கிளம்பியிருக்கிறார்.

ஒருநாள் மாடிப்படியிலேயே பிடித்துவிட்டேன். 44,840 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "கட்டணம் பயிற்சிக்குத்தான், சான்றிதழுக்கு இல்லை. விண்ணப்பத்தின் பின்பக்கம் இருக்கிறதே, படிக்கவில்லையா?" என்றார். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது, உண்மைதான். வாசல் பலகையில் தமிழில் "அரசு சான்றிதழுடன்" என்று முழ நீளத்துக்கு இருப்பதும் உண்மைதானே? அதைக் கேட்டதும் தோளில் கை போட்டு, இன்னும் 20,000 கொடுத்தால் ஒரு வெளிநாட்டு ட்ரோனைத் தருகிறேன், கணக்கு நேராகிவிடும் என்றார். வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோனாக இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" இதைச் சொன்னவர்தான் எனக்குச் சட்டப்படி பறக்கக் கற்றுக்கொடுக்க 44,840 வாங்கியவர்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே மறுபடி சூடு ஏறுகிறது, அதனால் சுருக்கமாக. டிஜிசிஏ பட்டியலை உங்கள் போனில் நீங்களே திறந்து பாருங்கள், அவர் திரையில் பார்க்காதீர்கள். பெயர் முழுவதும் பொருந்த வேண்டும், முகவரியும் பொருந்த வேண்டும். கிளை என்று சொன்னால் பட்டியலில் உள்ள நிறுவனத்துக்குப் போன் செய்து கேளுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் குரோம்பேட்டை, அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி நடத்துகிறது. தூரம் என்று பக்கத்து மாடிப்படி ஏறாதீர்கள். ட்ரோன் வாங்கினால் பதிவு எண் இல்லாமல் வாங்காதீர்கள். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் நம் பக்கம்தான் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள். மாநில அரசு திடீரென்று 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். அபராதம் ஒரு லட்சம் வரை போகும், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்து கட்ட மாட்டார்.

இதே போல ஏமாந்தவர்கள் ரசீது, யுபிஐ விவரம், வாட்ஸ்அப் உரையாடல், வாசல் பலகையின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பலகையை மாற்றிவிடுவார்கள். 1915 நுகர்வோர் உதவி எண். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே மனு போடலாம். பொன்னேரி அக்காவும் காசிமேட்டுப் பையனும் என்னோடு சேர்ந்து போடுகிறார்கள். வேறு யாராவது அதே மாடிப்படி ஏறியிருந்தால் கருத்துப் பகுதியில் ஒரு வரி போடுங்கள், இந்த வாரத்துக்குள் தாக்கல் செய்யப்போகிறோம்.