கடவுச்சொல் மாற்றும் பக்கம்: மூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த பையன், ரூட்டரைக் கவிழ்த்து அதன் வயிற்றில் இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மார்க்கரால் எழுதிவிட்டுப் போனான். கடவுச்சொல் வேறொன்றுமில்லை, அண்ணனுடைய கைபேசி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து, "சாயங்காலம் ஆள் வருவார்" என்ற பதிலை நம்பி இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பிறகுதான் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள்.

பக்கம் எளிமையானதுதான். பழைய கடவுச்சொல், புதியது, மறுபடியும் புதியது, கடைசியாக ஓடிபி. முதல் தடவை அந்த ஓடிபியில் மாட்டிக்கொண்டேன். இணைப்பு அண்ணன் பெயரில்; அண்ணனோ அன்று காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். "அண்ணே, எண் வந்ததா?" என்று நான் இங்கே கத்த, கொடைரோட்டுப் பக்கம் அவருக்குச் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வண்டி திண்டுக்கல்லில் நின்றபோது, நான்காவது ஓடிபியில் வேலை முடிந்தது. ஓடிபி வரும் கைபேசி எண்ணை மாற்ற இன்றும் நேரில்தான் போக வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. அந்தக் கதவையும் இணையத்தில் திறந்துவிட்டால் பூட்டு எதற்கு?

என் கோபம் வேறு இடத்தில். அன்று "வெற்றிகரமாக மாற்றப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது, இணையமும் தடையில்லாமல் ஓடியது. நான்கு நாள் கழித்து மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மாலையில் மின்சாரம் வந்தது, இணையம் வரவில்லை. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆகவே கேபிள் அறுபடவில்லை. வைஃபையும் பிடித்தது. புகார் கொடுத்து, ஆள் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி நான்தான் என்று.

நடந்தது இதுதான். எங்களுடையது பிபிபிஓஇ (PPPoE) முறை இணைப்பு; ரூட்டர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லித்தான் இணையத்துக்குள் நுழையும். தொலைபேசி வழியாக இணையத்தை அழைத்த டயல்-அப் காலத்துப் பழக்கத்தையே அகலப்பாட்டைக்கு (பிராட்பேண்டுக்கு) நீட்டி 1999இல் வகுத்த முறை அது. கடவுச்சொல்லின் ஒரு பிரதி நிறுவனத்தின் சர்வரிலும் இன்னொன்று நம் ரூட்டருக்குள்ளும் இருக்கும். பக்கத்தில் மாற்றினால் சர்வரில் உள்ளது மட்டுமே மாறும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட ரூட்டரை எங்கள் நிறுவனம் உடனே வெளியேற்றுவதில்லை; அது அணைந்து எழுந்து, பழைய கடவுச்சொல்லை நீட்டும்போதுதான் "நீ யார்?" என்கிறது. மாற்றிய நாளிலேயே அறுந்திருந்தால் காரணம் எனக்கே புரிந்திருக்கும். நான்கு நாள் கழித்து அறுந்ததால் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பழகிவிட்டது. முதலில் உலாவியில் 192.168.1.1 என்ற ரூட்டரின் முகவரிக்குள் போய் ரூட்டரின் இணைப்பு அமைப்பைத் திறந்துவைத்துக்கொள்வேன். நிறுவனத்தின் பக்கத்தில் மாற்றியதும் அதையே இங்கேயும் இட்டுச் சேமித்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பேன். எழுந்து வந்தால் சரி. வராவிட்டால் கைபேசியின் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து மறுபடி மாற்றலாம். முதல் வருடம் அதுவும் முடியாது. அவர்கள் இணைப்பின் வழியாக மட்டுமே அந்தப் பக்கம் திறக்கும். வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்து வெளியிலிருந்து பூட்டிய கதை.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருநாள் அழைத்தார். "வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன், ஆனால் போனில் பழையதே வேலை செய்கிறதே தம்பி?" அவர் மாற்றியது இணைப்பின் கடவுச்சொல்லை, வைஃபையினுடையது ரூட்டருக்குள் தனியாக இருக்கிறது. நிறுவனத்தின் பக்கத்திலேயே இதை இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் அவர் குழம்பியிருக்க மாட்டார். அதை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று நச்சரிக்கிறது. காரணமில்லாமல் அப்படி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017லேயே வழிகாட்டிவிட்டது. நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதோடு சரி.

ரூட்டரின் வயிற்றில் அந்தப் பையன் எழுதிப்போன ஆறு இலக்கங்கள் மட்டும் இன்னும் அழியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் பார்த்தாகிவிட்டது.