வால்வு ஆம்ப்ளிஃபயரை அனுப்ப மரப்பெட்டியா, இரட்டை அட்டைப்பெட்டியா?

பழைய அகுஜா கம்பெனி வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மதுரையிலிருந்து சென்னைக்கு லாரி பார்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. மைக் செட் வைத்திருக்கும் நண்பர்கள் மரப்பெட்டிதான் என்றார்கள். நான் பெட்டிக்குள் பெட்டியாக இரண்டு அட்டைப்பெட்டிகளில் அனுப்பினேன்.

மரப்பெட்டியின் பலம் தெரிந்ததுதான். மேலே எத்தனை மூட்டை ஏற்றினாலும் நசுங்காது. செலவும் எடையும் கூடும்.

என் முடிவுக்குக் காரணம் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு செட்டின் எடையில் பெரும்பகுதி மெயின்ஸ், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களில் இருக்கிறது. அந்த இரும்புக் கட்டிகளைத் தாங்குவது மெல்லிய தகட்டுச் சேஸிஸும் (அடிச்சட்டம்) சில போல்ட்டுகளும். பார்சல் விழுந்தால் சேஸிஸ் நின்றுவிடும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்காது. தகடு வளையும், போல்ட் ஓட்டை கிழியும். வெளிப்பெட்டியில் கீறல்கூட இருக்காது.

மரம் விட்டுக்கொடுக்காது, மோதிய அதிர்ச்சியை அப்படியே உள்ளே கொடுத்துவிடும். இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆறு பக்கமும் இரண்டு அங்குலம் இபிஇ ஃபோம் (அமுங்கி எழும் பாலிஎத்திலீன் நுரை) வைத்தால், அது அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மீண்டும் எழும். வெளிப்பெட்டி ஏழு ப்ளை (ஏழு அடுக்கு) அட்டையாக இருக்கட்டும். பபுள் ராப் இந்த எடைக்கு வெடித்துத் தட்டையாகிவிடும். தெர்மாகோல் முதல் அடியை வாங்கும். ஆனால் நசுங்கிய இடம் நசுங்கியதுதான். லாரி, குடோன், மறுபடி லாரி என்று ஏற்றி இறக்கும்போது அடி ஒன்றோடு நிற்பதில்லை. பொதிகளின் தாங்கும் திறனைப் பார்க்கும் சர்வதேச இஸ்டா (ISTA) அமைப்பின் 1ஏ சோதனையில் 10 முதல் 19 கிலோ வரையுள்ள பொதியை 61 செ.மீ. உயரத்திலிருந்து மூலை, விளிம்பு, முகம் என்று 10 முறை போடுகிறார்கள்.

அதே சோதனையில் 28 முதல் 45 கிலோ வரை என்றால் உயரம் 31 செ.மீ.தான். கனமானதை யாரும் அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதில்லை. மரப்பெட்டியில் எடை கூடுவதால் இது அதற்குச் சாதகமான விஷயம், ஒத்துக்கொள்கிறேன். மரப்பெட்டிக்குள் இதே ஃபோமைப் போட்டால் இன்னும் பாதுகாப்பு. ஆனால் பெட்டி செய்பவரிடம் ஃபோமுக்கு இடம் விட்டு அளவு கொடுக்க வேண்டும். செட்டை மட்டும் காட்டினால் அதன் அளவுக்கே இறுக்கமாக அடித்துவிடுவார்கள்.

வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்பிய அனுபவம் எனக்கு இல்லை. வாரக்கணக்கில் மற்ற சரக்குகளுக்கு அடியில் கிடக்கும் என்பதால் அங்கே மரப்பெட்டியே மேல் என்று நினைக்கிறேன். சாதா மரமானால் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை கேட்பார்கள். ப்ளைவுட்டுக்கு அந்த விதி கிடையாது.

எந்தப் பெட்டியானாலும் வால்வுகளைக் கழற்றி, எந்தச் சாக்கெட்டுடையது என்று எழுதி, தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். அப்புறம், டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கெட்டியான ஃபோம் துண்டுகளை இறுக்கமாகச் செருகிவிடுங்கள். ஃபோம் பழைய பெயின்ட்டில் ஒட்டாமலிருக்க, செட்டை முதலில் பிளாஸ்டிக் கவரில் போடுவது நல்லது.