சிசேரியனுக்குப் பின் வயிற்றுக்குள் சீழ்: குழாய், லேப்ராஸ்கோப்பி, மறு அறுவை

சிசேரியன் முடிந்த முதல் இரண்டு வாரங்களில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள தீட்டும் வந்தால், பால் கட்டியதால் வந்த காய்ச்சல் என்று வீட்டிலேயே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பெரும்பாலும் அது கருப்பையின் உட்சுவரில் ஏற்பட்ட தொற்றாக இருக்கும். கிளிண்டமைசின், ஜென்டமைசின் போன்ற மருந்துகளை ஊசிவழி செலுத்தினால் 48 முதல் 72 மணி நேரத்தில் தணிந்துவிடும். தணியாதபோது எடுக்கும் ஸ்கேனில் சீழ்க்கட்டி தெரிந்தால்தான் குழாய், லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை), மறு அறுவை ஆகிய மூன்று வழிகளைப் பற்றிய பேச்சே எழுகிறது. தையலின் மேற்புறத்தில் மட்டும் சீழ் வைத்திருந்தால் இவை எதுவும் வேண்டாம். தையலைத் திறந்துவிட்டுப் புண்ணைக் கட்டினாலே போதும்.

கட்டி ஒரே அறையாக இருந்து, குடல் குறுக்கிடாத பாதையும் கிடைத்தால், நான் முதலில் கேட்பது குழாயைத்தான். ஸ்கேனில் பார்த்தபடியே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள, நுனி சுருண்ட பிக்டெயில் குழாயைச் செலுத்திச் சீழை வடிய விடுகிறார்கள். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதால், தாய் அன்றைக்கே பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். எடுத்த சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் சீழ் கெட்டியாகவோ பல அறைகளாகவோ இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அத்தகைய நிலையில் லேப்ராஸ்கோப்பி மேலானது. அறைகளைப் பிரித்துக் கழுவலாம், கருப்பைத் தையல் விட்டிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். முழு மயக்கமும், புதிதாக ஒட்டிக்கொண்ட குடலைக் காயப்படுத்தாமல் விலக்கத் தெரிந்த கையும் அதற்கு வேண்டும். சீழ் வயிறெங்கும் பரவியிருந்தாலோ, கருப்பைச் சுவரே அழுகியிருந்தாலோ மறுபடி வயிற்றைத் திறப்பதுதான் உயிர்காக்கும் வழி. துளை சிறிது என்பதற்காக அப்போது காத்திருப்பது ஆபத்து.

குழாய்க்கு ஒரு விலை உண்டு. வடிவது ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிக்குக் கீழே வந்து, காய்ச்சலும் நிற்கும்வரை அதைச் சலைன் விட்டுக் கழுவி, அளந்து எழுத வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் இடுப்பளவு கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண், குழாயோடு நீரில் இறங்கவே கூடாது. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் மருத்துவமனையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் என்பதால், குழாய் இருக்கும்வரை அவளை மருத்துவமனையிலேயே தங்கவைப்பது நல்லது. குழாய் போடத் தெரிந்தவர் அங்கே உண்டா என்பதை 108 வண்டியில் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.