காட்பாடியில் இரண்டு நாள் கரடி பொம்மைப் பயிற்சி: ஒரு தையற்காரியின் மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் 11 ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துவருகிறேன். முகூர்த்த மாதங்களில் தலைநிமிர நேரமிருக்காது; ஆடியிலும் மார்கழியிலும் இயந்திரம் சும்மா கிடக்கும். அந்த மாதங்களுக்கு ஒரு துணைத்தொழில் வேண்டும் என்ற எண்ணத்தில்தான், காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் மே மாதம் நடந்த கரடி பொம்மைப் பயிற்சியில் சேர்ந்தேன். கரடி பொம்மை செய்யக் கற்று வீட்டிலிருந்தபடியே விற்கலாம் என்று விளம்பரம் சொன்னது. கட்டணம் 2,400 ரூபாய். தைக்கும் பகுதி கொடுத்த பணத்துக்கு மேலேயே இருந்தது. விற்கும் பகுதியை அப்படியே நம்பி இறங்குபவர் கையைச் சுட்டுக்கொள்வார். குறைகளை ஆசிரியையிடம் நேரிலேயே சொல்லிவிட்டதால், வகுப்பின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் நாள் காலையில் அரை மணி நேரம் கதைக்குப் போயிற்று. 1902ஆம் ஆண்டு மிசிசிப்பியில் வேட்டைக்குச் சென்ற அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிவைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்ததும், அது பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்ததும், அதைக் கண்ட நியூயார்க் மிட்டாய்க் கடைக்காரர் மோரிஸ் மிக்டம் பொம்மைக்கு ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரான டெடி என்று பெயர் வைத்ததும் பலருக்குத் தெரிந்தவைதாம். அதே காலத்தில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் கைகால் அசையும் கரடியை உருவாக்கிய ஸ்டைஃப் நிறுவனத்தைப் பற்றி ஆசிரியை வாய் திறக்காதது எனக்குக் குறையாகப் பட்டது. அதை நிறுவிய மார்கரெட் ஸ்டைஃப், இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே துணி தைத்துப் பிழைத்த ஒரு தையற்காரி. குண்டூசி குத்திவைக்க அவர் செய்த சிறு யானையைக் குழந்தைகள் விளையாடக் கேட்டதில் தொடங்கியதுதான் அவருடைய பொம்மை வியாபாரம். எட்டுத் தையற்காரிகள் உட்கார்ந்திருந்த அறையில் சொல்ல வேண்டிய கதை இதுதான் அல்லவா?

துணிக்கு வந்த பிறகு ஆசிரியையின் கைத்திறன் தெரிந்தது. மேல்நாடுகளில் உயர்ந்த கரடிகளுக்கு அங்கோரா ஆட்டின் முடியில் நெய்த மொஹேர் துணியைப் பயன்படுத்துகிறார்கள். அது நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால், வகுப்பில் செயற்கை ஃபர் துணி தந்தார்கள். ரவிக்கைத் துணியை வெட்டிப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறு வேலை. முடி எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்து, எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே போக்கில், கீழ்நோக்கி, படியும்படி துணியின் பின்புறத்தில் வரைய வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் அச்சைத் திருப்பிப் போட்டு வரைய மறந்தால், இரண்டும் இடது கையாகவே போய்விடும். எனக்கு முதல் நாளே அது நேர்ந்தது. வெட்டும்போது கத்தரியின் நுனியை மட்டும் நுழைத்து அடித்துணியை வெட்ட வேண்டுமே தவிர, முடியை வெட்டக்கூடாது. வெட்டினால் தையல் வரும் இடமெல்லாம் மொட்டையாகத் தெரியும்.

முடி பறக்கிறது என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். வேலூரின் மே மாத வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், விசிறி இல்லாமல் மூன்று மணி நேரம் ஃபர் துணி வெட்டுவது என்னவென்று, உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே தெரியும். இந்த வகுப்பைக் கார்த்திகைக்கு மேல் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

இருபுறக் கன்னங்களுக்கு நடுவே மூக்கிலிருந்து பிடரிவரை ஓடும் ஒற்றைப் பட்டையை வளைவு பிசகாமல் பொருத்துவதுதான் தலையில் கடினமான வேலை. ஆசிரியை எங்களை ஊசியால் குத்திப் பொருத்தவிட்டு, பிறகு கையால் நூலோட்டம் போடச் செய்து, அதன் பின்னரே இயந்திரத்தில் தைக்கவிட்டார். மூட்டுகளைப் பற்றிய பாடம் இந்த வகுப்பிலேயே சிறந்தது. கழுத்து, இரு கைகள், இரு கால்கள் என்று ஐந்து இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டத் தகடுகளை எதிரெதிராக வைத்து, வாஷர் போட்டு, பிளவு ஆணியைச் செருகி, அதன் இரு முனைகளையும் குறடால் சுருட்டி இறுக்க வேண்டும். கையைத் திருப்பும்போது வலிந்துதான் திரும்ப வேண்டும், தானாக ஆடினால் பஞ்சு அடைத்தபின் இன்னும் தளர்ந்துவிடும் என்று சொல்லி, என்னுடைய கழுத்தாணியை மூன்று முறை பிரிக்கவைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது வீட்டில் நானே செய்யும்போது அவர் சொன்னது புரிகிறது.

பஞ்சு விஷயத்தில் அறையே இரண்டாகப் பிரிந்தது. குடியாத்தத்திலிருந்து வந்திருந்த மூத்த அம்மா ஒருவர், "இலவம் பஞ்சு இருக்கும்போது இந்த நைலான் குப்பை எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பழைய காலத்து ஆங்கிலேயக் கரடிகளிலும் இலவம் பஞ்சு வகை அடைக்கப்பட்டதுண்டு. ஆனால் துவைத்தால் அது கட்டிக்கொள்ளும், காயவும் நாளாகும். குழந்தை கடித்து, எச்சில் வடித்து, தரையில் இழுத்துத் திரியும் பொம்மைக்குச் செயற்கை இழையான ஃபைபர் பஞ்சுதான் ஏற்றது என்று ஆசிரியை சொன்னதே சரி. மூக்குப் பகுதியில் மட்டும் கல்போல இறுக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் மேல் எம்பிராய்டரி நூலால் மூக்கு தைக்கும்போது குழிந்துபோகும்.

கண் வைப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியதைப் பாராட்ட வேண்டும். குண்டூசித் தலைகளைக் குத்திக் குத்தி இடம் பார்க்கவைத்தார். அரை விரற்கடை மேலே போனால் திகைத்த முகம், கீழே வந்தால் குழந்தை முகம். பின்புறம் வாஷர் பூட்டும் பிளாஸ்டிக் கண்களைப் பஞ்சு அடைக்கும் முன்பே மாட்டி, முழு பலத்தோடு இழுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம், நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். கண்ணுக்கும் மூட்டுத் தகடுகளுக்கும் தனியாக 350 ரூபாய் என்பதை மட்டும் அந்த நேரத்தில்தான் சொன்னார். கட்டணத்தில் அடக்கம் என்று நினைத்து வந்த ஒரு கல்லூரி மாணவி, பேருந்துக்கு வைத்திருந்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகலில் விற்பனைப் பாடம். பொருள் செலவை இரண்டால் பெருக்கினால் விலை என்றார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி உயரக் கரடிக்கு எனக்கு ஆன பொருள் செலவு 340 ரூபாய். விலை 680 என்றால் கைக்கு வருவது 340. அதற்கு உழைத்தது 9 மணி நேரம். மணிக்கு நாற்பது ரூபாய்கூடத் தேறவில்லை. லைனிங் ரவிக்கை தைத்தாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். லாங் பஜாரில் தொழிற்சாலைப் பொம்மை விற்கும் விலையோடு போட்டி போடத்தான் இப்படிக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் போட்டியில் கைத்தொழிலாளி எந்நாளும் வெல்ல முடியாது.

அதைவிடப் பெரிய பிழை சட்டத்தைப் பற்றியது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் அதைக் கேட்டபோது, "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கும்மா, நமக்கில்லை" என்று முடித்துவிட்டார். வீட்டில் செய்வதாலேயே விலக்கு வந்துவிடாது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் கைவினைஞராகப் பதிவுசெய்து, தாமே செய்து தாமே விற்பவர்களுக்குத்தான் அந்த ஆணை விலக்கு அளிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைகளுக்குச் சரக்குப் போடத் தொடங்கும் பெண்ணின் நிலை என்ன ஆகும்? போதாக்குறைக்கு, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துதர 1,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் நாமே இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய பதிவு அது.

வகுப்பில் சொல்லாத, ஆனால் நம் ஊருக்கே உரிய இரண்டு வழிகளை நானாகக் கண்டுகொண்டேன். ராணிப்பேட்டையில் தோல் பட்டறையில் வேலைசெய்யும் என் மைத்துனர் மென்தோலின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து தருகிறார். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் அதை வைத்துத் தைத்தால், வகுப்பில் தந்த ஃபெல்ட் துணியைவிடப் பல மடங்கு எடுப்பாக இருக்கிறது. தோல் ஊசி தனியாக வேண்டும். துவைக்க முடியாது என்பதால் அலமாரியில் வைக்கும் கரடிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மற்றொன்று, குழந்தையின் முதல் பிறந்தநாள் சட்டையையோ பாட்டியின் பழைய சேலையையோ வாங்கி, அதிலேயே கரடி தைத்துக் கொடுப்பது. மெல்லிய துணிக்குப் பின்னால் கேன்வாஸ் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது; ஆனால் துணிச் செலவு இல்லை, விலையில் பேரமும் இல்லை. இதுவரை தைத்த நான்கில் மூன்று இப்படி வந்தவைதாம், ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய் வாங்கினேன்.

அடுத்த வகுப்பு ஆவணியில் என்று செய்தி வந்திருக்கிறது. நன்றாகத் தையல் தெரிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். இயந்திரமே மிதித்திராதவர்களுக்கு இரண்டு நாள் போதாது, பாதிக் கரடியோடுதான் வீடு திரும்புவார்கள். எட்டுப் பேருக்கு இரண்டே கூர்மையான கத்தரிகள் இருந்தன என்பதால், சொந்தக் கத்தரியைக் கொண்டுபோவது நல்லது. கண்ணும் மூட்டும் கட்டணத்தில் அடக்கமா என்று முன்பே கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.