பழைய ஸ்பிரிங்கைக் கையோடு வாங்கி வாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் சுற்று வட்டாரத்திலும் மைவி, சாகா, ஐரிஸ் என்று கார் வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் இறக்கினால் அழகாக இருக்குமே’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். அண்ணன்மார்களும் படிக்கலாம். எனக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். காரை இறக்கப் போய் ஒரு ஸ்பிரிங் கடையில் நானே ஏமாந்தேன்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டு, கடைக்காரன் என்மேல் வழக்குப் போட, நான் வக்கீலைத் தேடி அலைய வேண்டாம்.

என்னுடையது 2018இல் எடுத்த மைவி 1.5. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழையும். ஆறு வருடம் கண்ணில் படாத அந்த இடைவெளி, பக்கத்து வீட்டுப் பையன் தன் காரை இறக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஹை-லோ, அதாவது உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற செட், போட கையில் காசில்லை. ஸ்போர்ட் ஸ்பிரிங் போதும், முன்னும் பின்னும் 30 மில்லிமீட்டர் இறங்கினால் போதும் என்று முடிவு செய்தேன். நம் ரோடு தெரியுமல்லவா? லிந்தாங் பக்கம் செம்பனை லோரிகள் போய்ப் போய்க் குழி விழுந்த பாதை. அதற்கு மேல் இறக்கினால் வயிறு தட்டும்.

டிக்டோக்கில் ஒரு கடை கண்ணில் பட்டது. பக்கத்து ஊர்தான். நடத்துகிறவன் நம் பையன், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வாட்சாப்பில் கேட்டதும் ஜப்பான் கம்பெனிப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினான். ‘அரிஜினல்ணே. நாலு ஸ்பிரிங், மாட்டுக்கூலியோட 750 வெள்ளி. நம்ம ஆளுங்கிறதால இந்த விலை.’

இந்த ‘நம்ம ஆளு’ என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மேசைமேல் அதே பெட்டி, டேப் ஒட்டியபடி இருந்தது. எந்த மாடலுக்கு என்ற குறிச்சீட்டைப் பார்க்கலாம் என்று கை நீட்டினேன். ‘வாரண்டி இருக்குண்ணே, மாட்டும்போதுதான் திறக்கணும்’ என்றான். எந்த ஸ்பிரிங் கம்பெனி அப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறது? அப்போது அது தோன்றவில்லை. காசு முதலில் வேண்டும் என்றான். டூயிட்நவ்வில், போன் வழியாகவே வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். திரையில் வந்த பெயர் கடைப்பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். ‘வைஃப் அக்கவுண்டுண்ணே.’ அதுவும் சரி என்றேன். ‘மூணு மணி நேரம் ஆகும், போய் சாப்பிட்டு வாங்கண்ணே, உள்ள ஒரே தூசி’ என்று அனுப்பி வைத்தான்.

ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரிக் குடித்து, பாசாரில் மீன் வாங்கி, மீன் கெட்டுவிடுமே என்ற கவலையோடு திரும்பி வந்தேன். கார் இறங்கி நின்றது. பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அவ்வளவு அழகு. குனிந்து பார்த்தால் சக்கரத்துக்குப் பின்னால் மஞ்சள் ஸ்பிரிங். தொட்டேன், விரலில் மஞ்சள் ஒட்டியது. ‘புதுசுன்னா அப்படித்தான்ணே.’

பழைய ஸ்பிரிங் எங்கே தம்பி என்று கேட்டேன். கேட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல். ‘பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே. அத வச்சி என்ன பண்ணப் போறீங்க?’ ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரத்துக்குள், என் நாலு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துப்போக வந்த அந்த இரும்புக்காரரை நான் அங்கேயே விசாரித்திருக்க வேண்டும். ‘நம்ம பையனைப் போய்ச் சந்தேகப்படுவதா’ என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். பெட்டி மட்டும் அதே மேசையில், டேப் பிரிக்காமல் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

முதல் வாரமே ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் ‘டக்’ என்றது. தமிழ்ப்பள்ளி முன்னாலுள்ள பொங்கோலில் (வேகத்தடையில்) எவ்வளவு மெதுவாக ஏறினாலும் இறங்கும்போது ‘டம்’. போன் போட்டால் ‘செட் ஆகணும்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்’ என்றான். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். செம்மோர் தாண்டுவதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: ‘என்னடா இது, தோட்டத்து லோரியில பால் வாளியோட போன மாதிரி இருக்கு.’ முப்பது வருடம் பால்மரம் வெட்டிய இடுப்பு, பொய் சொல்லாது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, மூவாயிரமும் ஓடியது. மழையில் ஒரு வளைவில் சின்னக் குழியில் சக்கரம் விழுந்ததும் வண்டியின் பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், ‘என்னங்க, அந்த ஸ்பிரிங்க வேற யாருகிட்டயாவது காட்டுங்களேன்’ என்றாள்.

புதுக்கிராமத்தில் ஒரு சீனப் பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான போர்மென், கார் பழுது பார்ப்பவர். டிக்டோக் எல்லாம் அவருக்குத் தெரியாது. காரைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும் பின் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துச் சுற்றினார். பம்பரம்போல் சுற்றியது. என்னைத் திரும்பிப் பார்த்து, ‘இனி பொத்தோங் புன்யா லா’ என்றார். வெட்டினது.

எனக்குப் புரியவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் வைத்தார். ஒரு துணியில் தின்னர் ஊற்றித் துடைத்தார். மஞ்சளுக்குக் கீழே கறுப்பு. இன்னும் கொஞ்சம் துடைத்ததும் கறுப்பின்மேல் ஒரு சின்ன வண்ணக் கோடு. ஸ்பிரிங்குகளை வகை பிரிப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே போடுகிற அடையாளம் அது. வேறொரு மைவி சர்வீஸுக்கு வந்து நின்றது. அதிலும் அதே இடத்தில் அதே நிறக் கோடு. கம்பியின் தடிமன் ஒன்று, சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒன்று. என்னுடையதில் மட்டும் ஒன்றரைச் சுற்று குறைவு. வெட்டிய முனை நீலம் பாய்ந்திருந்தது. கேஸ் வைத்து வெட்டிய சூடு.

என் காரின் சொந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, வெட்டி, மஞ்சள் அடித்து, என்னிடமே 750 வெள்ளிக்கு விற்றிருக்கிறான். நான் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் முதல் போடாத வியாபாரம் செய்திருக்கிறான்.

‘வெட்டினால் என்ன, இறங்கத்தானே செய்தது’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதம்; சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினால் மிச்சமுள்ள நாலரை, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடும். துள்ளலை அடக்குகிற அப்சார்பர் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் அமுங்கிய ஸ்பிரிங் அடங்காமல் துள்ளும். மழையில் பின்பக்கம் துள்ளியது அதனால்தான். கேஸ் சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். அந்த இடம் நாளாக நாளாகத் தொய்யும், இல்லையென்றால் உடையும். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காருகிற தட்டில் ஒழுங்காக உட்காராது, திருப்பும்போது நழுவி நழுவி உட்காரும். என் ‘டக்’ சத்தம் அதுதான்.

ஸ்போர்ட் ஸ்பிரிங் என்று ஒழுங்காகச் செய்வது வெறும் குட்டை ஸ்பிரிங் இல்லை. கம்பித் தடிமன், சுற்றின் எண்ணிக்கை, சுற்றுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாமே அந்தக் காரின் எடைக்குக் கணக்குப் போட்டவை. கம்பியின் தடிமனில் ஒரு மில்லி சின்ன விஷயம் இல்லை. 12 மில்லிக்குப் பதில் 13 மில்லி கம்பி என்றால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் விறைப்பு சுமார் 38 விழுக்காடு கூடிவிடும். பல ஸ்பிரிங்குகளில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது மெத்தென்றும், பாரம் ஏறினால் விறைப்பாகவும் நிற்க அந்த அமைப்பு. காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கினாலும் நல்ல ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு ஆடாது. கையால் சுற்ற முடிந்தால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அது உங்கள் காருக்கு ஆகாது.

பெயருள்ள கம்பெனிகள், டெய்ன், ஐபாக் போன்றவை, எந்த மாடலுக்கு எந்த நம்பர், முன்னால் எத்தனை மில்லி இறங்கும், பின்னால் எத்தனை மில்லி இறங்கும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் ஸ்பிரிங்கின் மேலேயே அச்சாகியிருக்கும். வாங்கும் முன் பெட்டியைப் பிரித்து அந்த நம்பரைப் பாருங்கள். பிரிக்கவிடாத கடையில் உங்களுக்கு வேலை இல்லை. பெயிண்ட் விரலில் ஒட்டினால் அது தொழிற்சாலையில் பூசியது இல்லை. பழைய மைவி ஸ்பிரிங் புதிய மைவிக்கும் சேரும் என்று யாராவது சொன்னால், பட்டியலில் காட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் நான் ஏமாந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மூன்று மணி நேரம் அந்தக் கடையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் ஒரு வரிகூடப் படிக்க வேண்டியிருந்திருக்காது.

மாட்டிய விதமும் லட்சணமாக இல்லை. அலைன்மெண்ட் செய்யவே இல்லை. காரை இறக்கினால் முன்சக்கரத்தின் கோணம் மாறும், டோ மாறும், அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு. இரண்டு முன் டயரும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பூ, அதாவது பள்ளக் கோடுகள், நன்றாகத்தான் தெரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்கிறார்கள். கார் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டுமாம். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும் என்றார் போர்மென். முன்பக்க இடது அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தது. ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது இடி தாங்குகிற பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கித் தூளாகியிருந்தது. பாவம், ஒவ்வொரு பொங்கோலிலும் ஸ்பிரிங்கின் வேலையை அதுதான் பார்த்திருக்கிறது.

கணக்கு: ஸ்பிரிங் என்று கொடுத்தது 750. ஈப்போவில் ஒரு ஹாப்-கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடை) பழைய ஒரிஜினல் ஸ்பிரிங் நாலு, 160. அப்சார்பர் நாலு, 620. டயர் இரண்டு, 400. புஷ், கூலி, அலைன்மெண்ட் சேர்த்து 270. மொத்தம் 2,200 வெள்ளி. கார் இப்போது ஷோரூமிலிருந்து வந்த அதே உயரத்தில் நிற்கிறது.

கடைக்குத் திரும்பப் போனேன். தின்னர் போட்டுத் துடைத்த ஸ்பிரிங்கை மேசைமேல் வைத்தேன். பார்த்துவிட்டு, ‘இது நாங்க போட்டது இல்லண்ணே, நீங்க வேற எங்கயோ மாத்திட்டு வந்து சொல்றீங்க’ என்றான். ‘அண்ணே’ என்பதை மட்டும் விடவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

ரசீது இல்லை என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நினைத்தேன். தங்கைதான் திரிபுனல், அதாவது அந்த நடுவர் மன்றம், பற்றிச் சொன்னாள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. வாட்சாப் உரையாடல், அவன் அனுப்பிய பெட்டிப் படம், டூயிட்நவ் பதிவு, போர்மென் எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். யார்மேல் மனு போடுவது என்பதுதான் தலைவலி. பலகையில் கடைப்பெயர் இருக்கிறது, எஸ்எஸ்எம் (வணிகப் பதிவு ஆணையம்) பதிவு எண் இல்லை. பணம் போனதோ மனைவி கணக்குக்கு. இரண்டு வாரம் அலைந்துதான் யார் பெயரில் பதிவு என்று கண்டுபிடித்தேன். நீங்கள் காசு கட்டும் முன்பே பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் ‘ஸ்பிரிங்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள், கம்பெனியும் நம்பரும் எழுதச் சொல்லுங்கள்.

மனு கடைக்காரன் கையில் கிடைத்த அன்று இரவே அவனிடமிருந்து செய்தி வந்தது. ‘அண்ணே, நம்மளுக்குள்ள எதுக்கு இதெல்லாம், 300 தர்றேன், முடிச்சிக்கலாம்.’ பதில் போடவில்லை. மனைவி மட்டும் படித்துவிட்டுச் சிரித்தாள்.

விசாரணை அடுத்த மாதம். வெட்டிய நாலு ஸ்பிரிங்கையும் ஓர் உரச்சாக்கில் கட்டி காரின் பின்பெட்டியில் போட்டிருக்கிறேன், வீட்டில் வைத்தால் பழைய இரும்பு என்று யாராவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பள்ளி முன்னால் பொங்கோலில் ஏறி இறங்கும்போது இப்போது என் காரில் ‘டம்’ என்று சத்தம் போடுவது அந்தச் சாக்கு ஒன்றுதான்.