அப்பாவின் இரத்தப் பரிசோதனை: திருகோணமலையில் ஒரு சின்ன லாப்

அப்பாவுக்குக் கண்டியில் ஈரல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை. அதற்கு முன்னைய பரிசோதனைகளைத் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் ஒரு சின்ன லாப்பில் செய்தோம்.

அப்பாவுக்கு நரம்பு பிடிப்பது கஷ்டம். இரத்தம் எடுத்த தங்கச்சி அவசரப்படவில்லை. அவரது கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, ஒரே குத்தில் எடுத்தார். "நோகுதோ ஐயா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

றிப்போட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரு வகை வெள்ளை இரத்த அணுக்களையும் எண்ணிக்கையாகவே தருகிறார்கள்: 4.2, 2.1. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் 2. இந்த விகிதம் கூடினால் உடம்பில் அழற்சி அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பிறகான ஆயுளைக் கணிக்க வைத்தியர்கள் பார்க்கும் குறிகளில் இதுவும் ஒன்று. கிளாஸ்கோ முன்கணிப்புப் புள்ளியும் அப்படித்தான்: அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒன்று, ஈரல் உண்டாக்கும் அல்புமின் என்ற புரதம் 35 கிராமுக்குக் கீழே போனால் இன்னொன்று. அப்பாவுக்குச் சைபர். கட்டியின் அளவும் ஈரலின் நிலையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் சேர்ஜன். சரி, ஆனாலும் அம்மா அன்று பின்னேரமே கோணேசரிடம் போய்விட்டார்.

சிஆர்பி முடிவு மட்டும் ஒரு நாள் பிந்தியது. கண்டிக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முந்தியே கொடுங்கள்.