தாமிரபரணிக் கரையும் வைகைக் கரையும்

நீளத்தில் வைகைதான் பெரியது: சுமார் 258 கிலோமீட்டர். தாமிரபரணி 128-தான். ஆனால் தண்ணீர்க் கணக்கு தலைகீழ். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. வருசநாட்டு மலையில் தொடங்கும் வைகை பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்புகிறது. 1895 முதல் முல்லைப் பெரியாறு தண்ணீரும் கைகொடுக்கிறது.

இது ஊர்களின் அமைப்பிலேயே தெரியும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் அணைக்கட்டு, அதிலிருந்து கால்வாய், கால்வாயை ஒட்டி ஊர், வயல், வாழை. படித்துறையில் குளிக்க ஆற்றிலேயே தண்ணீர் இருக்கும்.

வைகையில் சோழவந்தான் வரை தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சைதான். அப்புறம் மானாமதுரை, பரமக்குடி என்று கீழே போகப் போக ஆறு வெறும் மணல். அங்கே ஊரின் உயிர் ஆற்றில் இல்லை, கண்மாயில், அதாவது ஏரியில். வெள்ளம் வரும் சில நாட்களில் தண்ணீரைத் திருப்பிக் கண்மாய்களில் நிரப்பிக்கொள்வார்கள்; ஒன்று நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் கலுங்கு வழியாக அடுத்ததற்கு. குடிக்கத் தனியாக ஊருணி. மிச்சம்மீதி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும். கடலைத் தொடுவது அபூர்வம்.

குடியிருக்கக் கேட்டால் தாமிரபரணிக் கரை என்பேன். தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சாமர்த்தியம் பார்க்க வேண்டுமா, கீழ்வைகைக்குப் போங்கள்.